இயந்திர மனிதனும் நம் மாணவியரும்



'ரோபோ' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? தகரத் தலையும் சிவப்பு விளக்குக் கண்களும் கொண்டு விறைப்பாக நடந்து வரும் ஓர் இரும்பு மனிதன்தான் அல்லவா? அது திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த பாடம். உண்மையில் உலகில் உழைத்துக் கொண்டிருக்கும் ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் இல்லை, முகமும் இல்லை. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் முதன்முதலாக வேலைக்கு அமர்த்தப்பட்ட 'யுனிமேட்' என்னும் ரோபோ, வெறும் ஒற்றைக் கைதான். கொதிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் பணி. மனிதன் செய்தால் கை வெந்துவிடும்.

சொல்லின் பிறப்பும் சுவையானது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றில்தான் இச்சொல் முதன்முதலில் வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் வருகிறதே, கூலியின்றிச் செய்ய வேண்டிய ஊழியம், ஏறக்குறைய அதே பொருள். திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. திருவெறும்பூரில் நாம் 'பாய்லர் பிளாண்ட்' என்று அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, 1965இல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்போடுதான் எழுந்தது. 'ரோபோ' என்ற சொல்லைத் தந்த நாட்டின் பொறியியல் நம் ஊருக்கு என்றோ வந்துவிட்டது.

கதையிலும் நமக்குப் பங்குண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்த எழுத்தாளர் சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதையை எழுதினார். அதில் வரும் ஜீனோ என்ற ரோபோ நாயை உங்கள் அன்னையர் பலர் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் நாயகி நிலா என்ற பெண் என்பதை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுஜாதா வெறும் கதாசிரியர் அல்லர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு கொண்ட பொறியாளர்.

சரி, எதை ரோபோ என்று சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? உங்கள் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் இருக்கிறது. அது தானாகச் சுற்றுகிறது. ஆயினும் அது ரோபோ அன்று. அரிசி அரைந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. பாட்டி வந்து விரலால் தொட்டுப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று சொல்ல வேண்டும். அந்த விரலின் வேலையையும், அந்த 'இன்னும் கொஞ்சம்' என்ற முடிவையும் இயந்திரமே ஏற்றுக்கொள்ளுமானால் அது ரோபோ. உணர்தல், முடிவெடுத்தல், செயல்படுதல் ஆகிய மூன்றும் ஓயாமல் ஒன்றையொன்று தொடர்ந்து நடக்க வேண்டும். உணர்வதற்குச் சென்சார், முடிவெடுக்க ஒரு சிறு கணினி, செயல்பட மோட்டார்.

இம்மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு நன்மை என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1836இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு வெள்ளத்தின் வேகத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பழைய அணையின் கட்டுமானம் நீருக்கு அடியில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது எளிதன்று. முக்குளிப்பவர் உயிரைப் பணயம் வைத்து இறங்க வேண்டும். கலங்கல் நீரில் அவருக்கும் கண் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய பிளானிஸ் என்ற நிறுவனம் நீருக்குள் சென்று அணைகளையும் துறைமுகச் சுவர்களையும் ஆராயும் ரோபோக்களைச் செய்திருக்கிறது. அதேபோல், பாதாளச் சாக்கடைக் குழிகளில் மனிதர் இறங்கி நச்சுவாயுவில் மடியும் கொடுமையைத் தவிர்க்க, கேரள இளைஞர்கள் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தனர். ரோபோ மனிதனின் பிழைப்பைக் கெடுக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் சாக்கடைக் குழியில் இறங்கும் பிழைப்பு கெட்டால் யார் அழப்போகிறார்கள்?

இந்தத் துறையில் தமிழ்நாட்டுப் பெண்கள் உண்டா என்று கேட்பீர்கள். ஸ்நேகா பிரியா என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படிக்கும்போதே, உடன் பயின்ற பிரணவன் என்பவரோடு சேர்ந்து ரோபோப் போட்டிகளில் ஈடுபட்டவர். 2012இல் இருவரும் சேர்ந்து சென்னையில் 'எஸ்.பி. ரோபோடிக் ஒர்க்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ரோபோ செய்து விற்பதல்ல இவர்கள் எடுத்துக்கொண்ட தொழில். ரோபோ செய்யக் கற்பிப்பது. முதலில் கல்லூரி மாணவருக்குப் பயிற்சி அளித்தவர்கள், பின்னர் 7 வயது முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் பக்கம் திரும்பினர்.

இந்தத் திருப்பத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பொறியியல் என்பது பிளஸ் டூ முடிந்து கலந்தாய்வுக்குப் போகும்போது தொடங்கும் ஒன்றன்று. பத்து வயதில், உடைந்த பொம்மைக் காரைப் பிரித்துப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த வயதில்தான் நம் வீடுகளில் ஒன்று நடக்கிறது. மின்விசிறி நின்றுவிட்டது, அப்பா ஸ்டூல் மேல் ஏறுகிறார். 'டேய் தம்பி, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வா' என்கிறார். தம்பிக்கு எட்டு வயது, அக்காளுக்குப் பதின்மூன்று. அவளை யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஐந்தாறு ஆண்டுகள் இப்படிப் போனால், தம்பிக்கு இயந்திரம் பழகிய நாய்க்குட்டி போலாகிவிடுகிறது. அக்காளுக்கோ அது கடிக்கும் நாய். பிறகு பொறியியல் கல்லூரியில் இருவரும் ஒரே மதிப்பெண்ணோடு சேர்ந்தாலும், பட்டறை வகுப்பில் அவள் ஓரடி பின்னால் நிற்கிறாள். பெண்களுக்குக் கதவு அடைபடுவது கல்லூரி வாசலில் அல்ல, வீட்டுக் கருவிப் பெட்டியில்.

கல்லூரி வாசல் எப்போது திறந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் இதே கிண்டியில்தான். அ. லலிதா என்பவர் 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அக்கால வழக்கப்படி பதினைந்து வயதில் திருமணம் ஆயிற்று. பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தையோடு விதவையானார். 1937ஆம் ஆண்டு அது. அந்நாளில் இளம் விதவைக்குச் சமூகம் என்ன வைத்திருந்தது என்பதை உங்கள் கொள்ளுப்பாட்டிகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். லலிதா படிக்கத் தீர்மானித்தார். இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்தார். மருத்துவம் படித்தால் நள்ளிரவில் குழந்தையை விட்டு ஓட வேண்டியிருக்குமே என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசினார். கல்வித்துறையின் அனுமதியும் கிடைத்தது. பெண் வாடையே அறியாத கல்லூரியில் ஒரு பெண் சேர்ந்தார். அவரையடுத்து லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். போர்க்காலமாதலால் படிப்புக் காலம் குறைக்கப்பட, மூவரும் 1943இல் படிப்பை முடித்து வெளிவந்தனர். பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த சொல் ஆண்பாலில் இருந்தது. பெண் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை! அதைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக மாற்றித் தந்தார்கள்.

படிப்புக்குப் பின் லலிதா செய்தவையும் சிறிதல்ல. பீகாரில் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். நம் பொன்மலைப் பணிமனையைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று தெரியும்: இரும்பும் எண்ணெயும் இரைச்சலும். பிறகு சிம்லாவில் வேலை. அதன்பின் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தில் மின்கடத்துப் பாதைகளை வடிவமைக்கும் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கிருந்தது. சிம்லாவும் கல்கத்தாவும் ஏன் என்றால், அங்கெல்லாம் உடன்பிறந்தவர்கள் இருந்தனர். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குச் சென்றார். 1979இல் மறைந்தார். அவருடன் பயின்ற திரேசியா, திருச்சூர்ப் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். நாட்டிலேயே அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்.

தைரியம் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. லலிதாவுக்குத் தந்தை பேராசிரியராக இருந்தார். சகோதரர்கள் வீட்டில் இடம் கொடுத்தனர். அப்படி ஒருவருமே இல்லாத பெண்கள் எத்தனை பேர் அறிவிருந்தும் அடுப்படியோடு நின்றுபோனார்களோ! சட்டமும்கூடக் குறுக்கே நின்றது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது. பாதுகாப்புக்காகச் செய்த விதிதான். ஆனால் மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில், 'இரவு ஷிப்டுக்கு வரமுடியாதவளை எதற்கு எடுப்பது?' என்று முதலாளிகள் சொல்ல அதுவே வழியாயிற்று. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்றும், தக்க பாதுகாப்போடு பெண்கள் இரவிலும் பணிபுரியலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே, 'பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு? பேசாமல் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்' என்று உங்கள் அத்தை சொன்னால், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் காலத்து நிலைமையைச் சொல்கிறார். கம்ப்யூட்டர் படிப்பில் குறையொன்றுமில்லை, ரோபோவுக்கு அதுவும் தேவை. அதை விரும்பி எடுக்க வேண்டும், இயந்திரத்துக்குப் பயந்து எடுக்கக் கூடாது.

வெளிநாட்டில் ஒரு சான்று. ஹெலன் கிரைனர் என்ற பெண், சிறுமியாக இருந்தபோது 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஒரு குட்டி ரோபோவைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, 1990இல் இருவரோடு சேர்ந்து ஐரோபாட் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 2002இல் வீடு பெருக்கும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்நிறுவனமே. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானபோது, மனிதர் நுழைய முடியாத கட்டடத்துள் முதலில் சென்று பார்த்ததும் அந்நிறுவனத்தின் ரோபோக்களே.

இனி நம் கைக்கு எட்டும் பாடத்துக்கு வருவோம். எல்லா நாட்டுச் சிறுவர்களும் முதலில் செய்து பார்ப்பது கோட்டைப் பின்பற்றிச் செல்லும் வண்டி. வெள்ளைத் தரையில் ஒரு கறுப்புக் கோடு. அதன்மேல் வழி தவறாமல் அது ஓட வேண்டும். இதற்குத் தேவைப்படுபவை: பல்சக்கரத்தோடு கூடிய இரண்டு சிறு மோட்டார்கள், இரண்டு அகச்சிவப்புச் சென்சார்கள், மோட்டாரை இயக்கும் ஒரு சுற்று, ஆர்டுவினோ போன்ற ஒரு சிறு கணினிப் பலகை, மின்கலம். எல்லாம் சேர்ந்தாலும், தீபாவளிக்குச் சிங்காரத்தோப்பில் எடுக்கும் பட்டுப்பாவாடையின் விலை ஆகாது.

வண்டியின் முன்புறம் கோட்டின் இடப்பக்கம் ஒரு சென்சாரும் வலப்பக்கம் ஒன்றுமாகத் தரையைப் பார்த்தபடி பொருத்துகிறோம். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும் ஒரு விளக்கும், திரும்பி வரும் ஒளியைப் பெறும் ஓர் ஏற்பியும் உண்டு. வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். நீங்கள் பௌதிகத்தில் படித்ததுதான். இரண்டு சென்சாரும் வெள்ளையைக் கண்டால் கோடு நடுவில் இருக்கிறது; இரு சக்கரமும் ஓடட்டும். இடச் சென்சார் கறுப்பைக் கண்டால் வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்று பொருள். இடச் சக்கரம் நிற்க, வலச் சக்கரம் மட்டும் ஓடினால் வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வரும். வலச் சென்சார் கண்டால் இதற்கு நேர்மாறு.

மோட்டாரைக் கணினிப் பலகையோடு நேராக இணைத்துவிடாதீர்கள். அப்பலகையின் ஒரு முனை தரக்கூடிய மின்னோட்டம் இருபது மில்லி ஆம்பியர் அளவே. மோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். பலகை கட்டளையிட, மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துத் தருவதற்காகத்தான் இடையில் அந்தச் சுற்று. மேலதிகாரி கையெழுத்திடுவார், பணத்தை எண்ணித் தருபவர் காசாளர் அல்லவா, அதுபோல.

காகிதத்தில் இவ்வளவுதான். தரையில் விட்டவுடன் வேடிக்கை தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, தாழ்வாரத்து வெயிலில் கோட்டையே மதியாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டும். ஏன்? சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளமாக உண்டு. ஏற்பிக்கு எங்கு பார்த்தாலும் வெள்ளையாகவே தெரிகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்புக் காகிதத்தால் ஒரு சிறு பாவாடை கட்டிவிட்டால் சரியாகும். இன்னொன்று: நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பல்ல. சில கறுப்புச் சாயங்கள் அதைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். ஸ்கெட்ச் பேனாக் கோட்டில் தடுமாறும் வண்டி, எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பில் நன்றாக ஓடும். மின்கலம் தளர்ந்தால் வண்டி பைத்தியம் பிடித்ததுபோல நின்று நின்று போகும்; குற்றம் நிரலில் இருக்கிறது என்று நினைத்து மாணவியர் அதைத் திருத்தோ திருத்தென்று திருத்துவார்கள். முதலில் மின்கலத்தைப் பாருங்கள்.

வண்டி நேராகப் போகாமல் கோட்டின் இருபுறமும் நெளிந்து நெளிந்து போவதையும் காண்பீர்கள். சக்கரத்தை முழுதும் நிறுத்துவதும் முழுதும் ஓட்டுவதுமாக இருப்பதால் வரும் கோளாறு அது. புதிதாகச் சைக்கிள் விடுபவள் கைப்பிடியை வெடுக் வெடுக்கென்று திருப்புகிறாளே, அதே கதை. பழகியவள் சிறிது சாய்ந்தால் சிறிதும், அதிகம் சாய்ந்தால் அதிகமும் திருப்புகிறாள். விலகலின் அளவுக்கேற்பத் திருத்தத்தின் அளவு. இதே தத்துவந்தான் கோட்டு வண்டியிலிருந்து ஏவுகணை வரை ஆள்கிறது.

பெண்கள் பள்ளியில் படிப்பதில் உங்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அதை நீங்கள் உணர்ந்திருக்கமாட்டீர்கள். இருபாலரும் சேர்ந்து செய்யும் அறிவியல் கண்காட்சிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பற்றாசு வைப்பவன் பையன். அழகாக அட்டை எழுதி, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்பவள் பெண். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் தவறாமல் அப்படி அமைந்துவிடுகிறது. இங்கே பற்றாசுக் கோலைப் பிடிக்கப் பையன் இல்லை. நீங்கள்தான் பிடித்தாக வேண்டும். விரலில் ஓரிரு முறை சுட்டுக்கொள்வீர்கள். தோசைக் கல்லில் சுட்டுக்கொள்ளாதவர்களா நீங்கள்?

மேல்வகுப்பு மாணவியருக்குச் சில செய்திகள். பொறியியல் நினைப்புள்ளவர்கள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம், பௌதிகம், வேதியியல் உள்ள பிரிவையே எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் தகுதி மதிப்பெண் 200இல் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. ரோபோத் துறைக்கென்று ஒரே வாசல் இல்லை: இயந்திரப் பொறியியல், மின்னியல், மின்னணுவியல், கணினி, மெக்கட்ரானிக்ஸ் எதன் வழியாகவும் நுழையலாம். 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய துவாக்குடி என்.ஐ.டி. உங்கள் வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவாயிருந்ததால் 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. பிறர் இடத்தைப் பறிப்பதல்ல, புதிதாகச் சேர்த்த இடங்கள் அவை. பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு ஏற்படுத்திய 'பிரகதி' உதவித்தொகை, பெண்களுக்கு மட்டுமேயானது. ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்ற அளவில், ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம் என்று வகுக்கப்பட்டது. விண்ணப்ப விவரங்களை வகுப்பாசிரியையிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கோட்டு வண்டிக்குத் திரும்புவோம். உங்களுக்கு ஒரு கணக்கு பாக்கி வைத்திருக்கிறேன். கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு வெட்டிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம், சத்திரம் பேருந்து நிலையத்தருகே சாலைகள் சந்திப்பதுபோல. அந்த இடத்தில் இரண்டு சென்சார்களும் ஒரே நேரத்தில் கறுப்பைக் காணும். மேலே சொன்ன விதிப்படி இரு சக்கரங்களும் நின்றுவிடும். வண்டி நடுச்சாலையில் படுத்துக்கொள்ளும். குறுக்குக் கோட்டில் நிற்காமல் கடந்து, ஆனால் பாதை முடியும் இடத்தில் போட்ட பட்டைக் கோட்டில் மட்டும் அது நிற்க வேண்டும். இரண்டு சென்சார்களைக் கொண்டே இதைச் செய்ய முடியுமா, மூன்றாவது வேண்டுமா, அல்லது எவ்வளவு நேரம் கறுப்பைக் கண்டது என்பதை வண்டி எண்ணிப் பார்த்தால் போதுமா? விடையை எழுதிக்கொண்டு வராதீர்கள். வண்டியைக் கொண்டு வாருங்கள். பௌதிக ஆய்வுக்கூடத் தரையில் விட்டுப் பார்ப்போம்.